தில்லைநாயகிக்குக் காபி கொடுத்த கை

கல்லூரி வாசலுக்கு எதிரே இரண்டு சவுக்குக் கம்புகளை ஊன்றி, பத்துக்கு ஆறு பிளக்ஸை இழுத்துக் கட்டிவிட்டு, சாலையைத் தாண்டிப் போய் நின்று பார்த்தான் முருகதாஸ். இடது மேல்மூலையில் ஒரு சுருக்கம் தெரிந்தது. திரும்பி வந்து கயிற்றை அவிழ்த்து இறுக்கிக் கட்டினான். மறுபடியும் சாலையைத் தாண்டினான். வெயில் இன்னும் ஏறவில்லை, அதற்குள் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. இந்த ஓட்டத்தை டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான் ஜாஸ்பர். கோட்டாற்றில் இரண்டு பேரும் கூட்டாகப் பிளக்ஸ் கடை நடத்துகிறார்கள். கணினி வேலை முருகதாஸுக்கு, அச்சு இயந்திரம் ஜாஸ்பருக்கு. காதுகுத்து, சடங்கு, கல்யாணம், பால்காய்ப்பு, கோயில்கொடை, கண்ணீர் அஞ்சலி என்று நாகர்கோவில் வட்டாரத்தில் எது நடந்தாலும் அது முதலில் நம் கடையில்தான் நடக்கும் என்று ஜாஸ்பர் பெருமை பேசுவான். அப்படிப்பட்டவனே இன்றைக்கு முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தான்.

“பட்டம் கையில கிட்டட்டும்டே. பொறவு கெட்டினா போராதா?”

“உச்சைக்குள்ள கிட்டிரும்,” என்றான் முருகதாஸ். மதியத்துக்குள் கிடைத்துவிடும் என்பதில் அவனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

பிளக்ஸின் நடுவில் தங்க எழுத்தில் ‘முனைவர் மு. சுபிதா’ என்று இருந்தது. முனைவர் என்ற சொல்லுக்குப் பின்னால் சூரியக்கதிர் வைத்திருந்தான். வலதுபக்கம் அவன் மனைவி சுபிதாவின் படம். இடதுபக்கம், அதே உயரத்துக்கு, தில்லைநாயகி.

தில்லைநாயகி யாரென்று தெரியாதவர்கள் கைப்பேசி இல்லாதவர்களாகத்தான் இருக்க வேண்டும். எட்டரை மணிச் சீரியலின் மாமியார் அவள். சீரியல் முடிந்து வருடங்களாயிற்று. கதை ஒருவருக்கும் ஞாபகமில்லை. மூத்த மருமகள் செத்தாளா, வீட்டைவிட்டுப் போனாளா என்று கேட்டால் சீரியல் பார்த்தவர்களே விழிப்பார்கள். ஆனால் அதிலிருந்து யாரோ எடுத்துப்போட்ட ஒரு படம் மட்டும் சாகவில்லை. ஊஞ்சலில் சாய்ந்து உட்கார்ந்து, நீட்டிய காபியை வாங்காமல், கண்ணைப் பாதி மூடி, ஓரமாகப் பார்ப்பாள் தில்லைநாயகி. அந்தப் பார்வைக்குக் கீழே யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். ‘மழைக்கு லீவு விடலேன்னு தெரிஞ்சதும் எனக்க தம்பி’ என்று ஒருவன் எழுதுவான். ‘கல்ஃப் மாமா பெட்டியத் தொறக்கும்போ நான்’ என்று இன்னொருவன். மாவட்டத்தில் மீம் போடுகிற பக்கங்கள் எல்லாம் அவள் தயவில்தான் பிழைத்தன.

சுபிதாவின் ஆராய்ச்சி அந்தப் படத்தைப் பற்றியதுதான். தமிழ்த்துறையில் சங்க இலக்கியத்துக்கும் கல்வெட்டுக்கும் பதிவு செய்தவர்களுக்கு நடுவே ‘தொலைக்காட்சிப் பாத்திரங்களின் இணைய மீம்கள்: ஒரு கோட்பாட்டு வாசிப்பு’ என்று போய் நின்றவள் அவள் ஒருத்திதான். கேலிக்குக் குறைவில்லை. ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில், ரசம் ஊற்றுகிற நேரத்தில், அவளுடைய சித்தப்பா முத்துநாயகம் எல்லோருக்கும் கேட்கிறாற்போல, “டி.வி. பாத்தா டாக்டர் பட்டமாம். அப்பம் எனக்க வீட்டுக்காரிக்கு நாலு குடுக்கணும்” என்றார். பந்தியே சிரித்தது. சுபிதாவும் சிரித்தாள். முருகதாஸுக்குத்தான் சோறு இறங்கவில்லை. அன்றைக்கே மனதுக்குள் முடிவு செய்துகொண்டான், பட்டம் வாங்குகிற நாளில் இவர்கள் எல்லோரும் அண்ணாந்து பார்க்கிறமாதிரி ஒன்று வைக்க வேண்டும் என்று.

உள்ளதைச் சொன்னால், அவள் என்ன ஆராய்கிறாள் என்பது அவனுக்குத் தெரியாது. ஆராய்கிறாள் என்பதே அவனுக்குப் போதுமானதாக இருந்தது. மயிலாடியில் அவர்கள் வீட்டைச் சுற்றிப் பட்டறைகள். கல் அறுக்கிற சத்தம் பகல் முழுக்கக் கேட்கும். ஜன்னலைச் சாத்திவிட்டு, அந்தச் சத்தத்துக்குள்ளேயே அவள் தடித்தடியான புத்தகங்களைப் படிப்பாள். அதிகாரம், பார்வை, பிரதி, விளிம்பு என்று பென்சிலால் ஓரத்தில் எழுதுவாள். பகலில் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை. ஒவ்வொரு ஜூன் மாதமும் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று காத்திருக்க வேண்டிய வேலை. ஆரம்பத்தில் அவள் எழுதியதை வாசித்துக் காட்டியிருக்கிறாள். அப்போதெல்லாம் அவனுக்குக் கடையிலிருந்து போன் வந்துவிடும், இல்லையென்றால் தூக்கம் வந்துவிடும். பிறகு அவள் வாசித்துக் காட்டுவதை விட்டுவிட்டாள். ஆனால் யார் கேட்டாலும் அவன் சொல்வான்: எங்க வீட்டுல உள்ளவளுக்க மண்டைக்கு இந்த ஜில்லாவுல ஆளு கிடையாது.

இந்தப் பிளக்ஸுக்கு அவன் ஒரு வாரம் ராத்திரி கடையிலேயே உட்கார்ந்தான். தில்லைநாயகியின் படம் ஆயிரம் கைகள் மாறி மங்கிப்போய்க் கிடந்தது. சீரியலைத் தேடிப் பிடித்து, அந்தக் காட்சியை நிறுத்தி, நல்ல படமாக எடுத்தான். அதில் இடது ஓரத்தில் யாருடையதோ ஒரு கை துருத்திக்கொண்டிருந்தது. டம்ளரைப் பிடித்த கை, முழங்கைக்குக் கீழே மட்டும். கண்ணை உறுத்தியது. கல்யாணப் படங்களில் பக்கத்து ஆளின் தோளையும் குழந்தையின் காலையும் எடுத்து எடுத்துப் பழகியவனுக்கு அது ஒரு வேலையா? கையை அழித்து, அந்த இடத்தில் சுவரையும் ஊஞ்சல் சங்கிலியையும் நிரப்பினான். டம்ளரைத் தூக்கித் தில்லைநாயகியின் கையிலேயே வைத்தான். எடுத்த தடம் துளிகூடத் தெரியவில்லை. ஜாஸ்பரே வந்து பார்த்துவிட்டு, கொள்ளாம் என்று மெச்சினான்.

ஒன்பதரைக்கு சுபிதா ஆட்டோவில் வந்து இறங்கினாள். கூடவே அவளுடைய வழிகாட்டி நேசம்மாள் டீச்சர், ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கிறவர், கையில் ரசவடைப் பொட்டலத்தோடு. வாய்மொழித் தேர்வுக்கு வருகிறவர்களுக்குத் தேநீரும் பலகாரமும் கொடுப்பது ஆய்வாளரின் கடமை. இறங்கிய வேகத்தில் சுபிதா பிளக்ஸைப் பார்த்தாள். முருகதாஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். சிரிப்பு வரும், கண் கலங்கும் என்று ஒரு வாரமாக எதிர்பார்த்த முகம். அதில் இரண்டும் வரவில்லை. ரத்தம் வடிந்தமாதிரி ஆகிவிட்டது.

“இத எறக்குங்க,” என்றாள். “அவ்வோ வாறதுக்கு முன்னால எறக்குங்க.”

அவ்வோ என்றது புறத்தேர்வாளரை. ஆய்வேட்டை வாசித்த இருவரில் ஒருவர் அப்படியே ஏற்றுக்கொண்டார். இன்னொருவர், திருச்சிப் பக்கத்துப் பேராசிரியை, ஏற்கவும் இல்லை தள்ளவும் இல்லை. நேரில் கேட்பேன், பதில் திருப்தியாக இருந்தால் பட்டம், இல்லாவிட்டால் திருத்தி எழுதி மறுபடி சமர்ப்பிக்க வேண்டும் என்று அறிக்கை அனுப்பிவிட்டார். மறுபடி சமர்ப்பிக்க சுபிதாவுக்குக் காலம் இல்லை. பதிவுக்காலம் முடிந்து, கொடுத்த நீட்டிப்பும் இந்த மாதத்தோடு முடிகிறது. இன்றைக்கு நழுவினால் எட்டு வருட உழைப்பு மொத்தமும் போச்சு. இதையெல்லாம் அவள் அவனிடம் சொல்லித்தான் இருந்தாள். அவன் காதில் விழுந்தது, உள்ளே இறங்கவில்லை. இப்போது, தேர்வாளர் இன்னும் கொடுக்காத பட்டத்தை அவர் வரும் வழியில் தங்க எழுத்தில் எழுதி வைத்திருப்பது எப்படி இருக்கும் என்று அவள் கண்ணைப் பார்த்ததும் அவனுக்கே தெரிந்துபோயிற்று. கம்பின் மேல் ஏறி முதல் கயிற்றை அவிழ்ப்பதற்குள் கார் வந்துவிட்டது.

புறத்தேர்வாளர் ஒல்லியான பெண்மணி. பருத்திப் புடவை, தோளில் ஒரு துணிப்பை. காரை விட்டு இறங்கி, யாருடைய வணக்கத்தையும் வாங்காமல், பிளக்ஸுக்கு நேரே போய் நின்றார். கம்பின் மேல் தொங்கிக்கொண்டிருந்த முருகதாஸையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நேசம்மாள் டீச்சர் ரசவடைப் பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார்.

கருத்தரங்கக் கூடத்தில் கடைசி வரிசையில், கதவோரம், முருகதாஸும் ஜாஸ்பரும் உட்கார்ந்தார்கள். முன்னால் துறை ஆசிரியர்கள், நடுவில் மாணவ மாணவிகள், ஒரு பக்கம் உறவினர்கள். முத்துநாயகம் சித்தப்பாவும் வெள்ளை வேட்டியில் வந்திருந்தார். ஓடிவிடலாம் என்றுதான் முருகதாஸ் நினைத்தான். ஆனால் சுபிதா ஒலிபெருக்கிக்கு முன்னால் போய் நின்று, தாளை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்ததும் அவனால் எழுந்திருக்க முடியவில்லை.

அவள் திரையில் தில்லைநாயகியைக் காட்டினாள். கூடம் சிரித்தது. சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, நீங்கள் ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டாள். மேடைத் தமிழில், நிதானமாக, ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். சீரியலில் இந்த அம்மாளை எல்லோரும் வெறுத்தார்கள். அதே முகத்தை மீமில் எல்லோரும் தங்களுக்கு வைத்துக்கொள்கிறார்கள். ‘நான்’ என்று எழுதி அம்புக்குறி போடுவது அவள் மேல்தான். கல்லூரிப் பையன், பேருந்து நடத்துநர், வங்கி ஊழியர், யாராக இருந்தாலும் ஊஞ்சலில் உட்கார்ந்து காபியைக் காக்க வைக்கத்தான் ஆசைப்படுகிறார்கள். வாழ்க்கையில் ஒருநாளும் கிடைக்காத அந்த ஒரு நிமிட அதிகாரத்தை அந்தப் பார்வை இரவல் தருகிறது. சிரிப்பது மாமியாரைப் பார்த்து அல்ல, மாமியாராக இருந்து பார்த்து. இதைக் கேட்டதும் முன்வரிசையில் யாரோ ம் என்றார்கள்.

முருகதாஸுக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இவள் இதையா யோசித்துக்கொண்டிருந்தாள்? அவனும் அந்தப் படத்தை நூறு பேருக்கு அனுப்பியிருக்கிறான். தில்லைநாயகியாக இருந்து பார்த்திருக்கிறான், சந்தேகமே இல்லை. தன்னை யாரோ திறந்து பார்த்துவிட்டுச் சரியாக மூடி வைத்தமாதிரி இருந்தது. பெருமையில் ஜாஸ்பரின் தொடையைக் கிள்ளினான். ஜாஸ்பர் அசையவில்லை, வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தான்.

அடுத்த படத்தைப் போட்டாள் சுபிதா. அதில் தில்லைநாயகி இல்லை. படத்தின் இடது ஓரம் மட்டும், பெரிதாக்கி. இரண்டு விரல் டம்ளரின் விளிம்பில், கட்டைவிரல் அடியில், நனைந்த மணிக்கட்டு, ஒற்றைக் கண்ணாடி வளையல்.

என் ஆய்வு இந்தக் கையைப் பற்றியது, என்றாள்.

முருகதாஸ் நாற்காலியின் நுனிக்கு வந்தான்.

எல்லா மீமிலும் ‘நான்’ தில்லைநாயகிதான், ஒருவர்கூட இந்தக் கையைக் காட்டி இது நான் என்று சொல்லவில்லை என்றாள் அவள். படம் கைமாறக் கைமாற ஓரங்கள் வெட்டுப்பட்டுக் கை சிறுத்துக்கொண்டே வந்து, கடைசியில் காணாமலே போய்விட்டது. ஒருவரும் அதைத் தேடவில்லை. அப்புறம் ஒரு நாள், குவைத்தில் நர்ஸாக இருக்கும் பழைய மாணவி ஒருத்தி, நம் மாவட்டத்துப் பெண்கள் மட்டும் இருக்கிற வாட்ஸப் குழுவிலிருந்து, எல்லோரிடமும் கேட்டுக்கொண்டு, சிலவற்றை அனுப்பினாள். அவற்றில் முகமே இல்லை. கை மட்டும். ஒன்றின் கீழே ‘இன்னைக்கு ஞாயித்துக்கிழமையாம்’ என்று இருந்தது. இன்னொன்றில் ‘விருந்துக்காரங்க போயாச்சா?’ மூன்றாவதில் ‘எனக்க காபி ஆறிப்போச்சு.’ சுபிதா அவற்றை வாசித்தபோது பையன்கள் சிரித்தார்கள். பெண்பிள்ளைகள் பக்கத்திலிருந்து வேறுவிதமான சிரிப்பு வந்தது. பலகாரத் தட்டோடு வாசலில் நின்ற கல்லூரி ஆயா, சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

ஜாஸ்பர் மெதுவாக முருகதாஸின் பக்கம் சாய்ந்தான். “நீ அந்தக் கைய எடுத்துட்டல்லா?” என்றான்.

உரை முடிந்தது. புறத்தேர்வாளர் ஆய்வேட்டைப் புரட்டி நாலைந்து கேள்விகள் கேட்டார். தரவுகளை எப்படித் திரட்டினீர்கள், வெளிநாட்டுக் கோட்பாட்டை நம் சீரியலுக்குப் பொருத்துவதில் என்ன சிக்கல், இப்படி. சுபிதா ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். பிறகு அவர் ஏட்டை மூடிவைத்துவிட்டுக் கைப்பேசியை எடுத்தார்.

“வாசல்ல ஒரு பிளக்ஸ் பார்த்தேன்,” என்றார். “இதுவும் அதே படம்தான். உங்க முறைப்படி இதை வாசிங்க.”

கைப்பேசியிலிருந்த படம் திரைக்குப் போயிற்று. தங்க எழுத்தும் சூரியக்கதிரும் சுவர் முழுக்க விரிந்தன. நேசம்மாள் டீச்சர் எழுந்து, அது வீட்டுக்காரர் ஆசையில் வைத்தது, தேர்வுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று இழுத்தார். அதனால்தான் கேட்கிறேன் என்றார் புறத்தேர்வாளர். சுபிதா திரும்பி, கடைசி வரிசையில் அவன் எங்கே இருக்கிறான் என்று தேடினாள். கண்டதும் ஒரு கணம் நிறுத்திப் பார்த்தாள். பிறகு திரையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதுவரை இருந்த மேடைத் தமிழ் அவளை விட்டுப் போயிற்று. வீட்டில் பேசுகிறமாதிரிப் பேசினாள். எங்கள் ஊரில் பிளக்ஸ் நடந்ததைச் சொல்வதில்லை, நடக்க வேண்டும் என்று ஆசைப்படுவதை நடந்ததாகச் சொல்லிவிடும் என்றாள். இதிலும் தேர்வாளர்கள் வாய் திறப்பதற்கு முன்னாலேயே பட்டம் கொடுத்தாகிவிட்டது. அது அவமரியாதை இல்லை, அவசரம். கீழே பாருங்கள், ஆய்வுத் தலைப்பைவிடக் கடையின் போன் நம்பர் பெரிதாக இருக்கிறது. எல்லோரும் சிரித்தார்கள், புறத்தேர்வாளரும் உதட்டோரம் சிரித்தார். முருகதாஸுக்குக் காது சுட்டது. ஆனால் அவள் கேலி செய்யவில்லை என்பதும் அவனுக்குத் தெரிந்தது. தில்லைநாயகியை வாசித்த அதே கவனத்தோடு அவனை வாசித்துக்கொண்டிருந்தாள்.

அப்புறம் தன் படத்தைக் காட்டினாள். “இது நான்தான், ஆனா எனக்க நெறம் இதில்ல. இங்க எந்தப் பிளக்ஸ்லயும் கறுத்த பொம்பள கிடையாது. மணப்பொண்ணு ஆனாலும் செரி, செத்துப்போன பாட்டி ஆனாலும் செரி, வெளுத்துத்தான் வருவாவ. என்னை தில்லைநாயகி பக்கத்துல நிறுத்தணும்னா அவ்வோ நெறத்துக்குக் கொண்டுவரணும்னு தோணியிருக்கு.”

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. தன் கடைக்கு வந்த எந்தத் தாயும் எம்பொண்ணை அவளுக்க நெறத்திலேயே போடுங்க என்று கேட்டதில்லை என்று முருகதாஸ் மனதுக்குள் வாதாடிப் பார்த்தான். வாதம் நிற்கவில்லை. சுபிதாவும் கேட்டதில்லை. அவளிடம் அவன் கேட்கவும் இல்லை.

கடைசியாகத் தில்லைநாயகியின் இடதுபக்கம் இருந்த சுவரை விரலால் தொட்டாள்.

“கை மறைஞ்சதுக்குக் காரணம் அலட்சியம்னு நாலாம் இயல்ல எழுதியிருக்கேன். அது பாதிதான். இதச் செஞ்சவ்வோ அலட்சியமா செய்யல்ல. ஒரு வாரம் ஒக்காந்து, ஆசையா, பொறுமையா, தடம் தெரியாம எடுத்திருக்காவ. எனக்குப் பெருமை வரணும்னு எடுத்திருக்காவ. அலட்சியத்தால மட்டுமில்ல, அன்பாலயும் கை மறையும். இது எனக்க ஏட்டுல இல்ல. இருந்திருக்கணும்.”

அப்போ நாலாம் இயல் தவறா என்று கேட்டார் புறத்தேர்வாளர். குரலில் ஒன்றும் தெரியவில்லை. நேசம்மாள் டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், தப்பித்துவிடலாம் என்று முருகதாஸுக்கே தோன்றியது. சொல்லுட்டி, சொல்லிரு என்று உதட்டுக்குள் முனகினான்.

“கொறையானது,” என்றாள் சுபிதா.

புறத்தேர்வாளர் குனிந்து எழுத ஆரம்பித்தார். எழுதிக்கொண்டே இருந்தார். பொது வாய்மொழித் தேர்வின் வழக்கப்படி, அவையிலிருந்து யாராவது கேள்வி கேட்கலாம் என்று நேசம்மாள் டீச்சர் அறிவித்தார். முன்னேற்பாடாகக் கேள்வி எழுதிக் கொடுத்திருந்த மாணவர்கள்கூட வாயைத் திறக்கவில்லை. முருகதாஸ் எழுந்து நின்றான். ஏன் எழுந்தோம் என்று அவனுக்கே தெரியவில்லை. ஜாஸ்பர் சட்டையைப் பிடித்து இழுத்தான். நின்றுவிட்ட பிறகு உட்கார முடியாது. மன்னிப்பு கேட்பதற்கு அது இடமில்லை என்று புரிந்தது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று தோன்றிய ஒன்றைத்தான் கேட்டான்.

“அந்தக் கை யாருக்க கை?”

சுபிதா அவனைப் பார்த்தாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் வேலையைப் பற்றி அவன் கேட்ட முதல் கேள்வி அது. அவள் முகத்தில் அது ஓடியதை அவன் பார்த்தான்.

“தெரியல்ல,” என்றாள். “தேடினேன். மருமகளா நடிச்சவங்களுக்க கை இல்ல, அவங்களுக்கு ஷூட்டிங்கே அன்னைக்கு இல்லியாம். அங்க நின்ன யாரையோ கூப்பிட்டு டம்ளரக் குடுத்து நீட்டச் சொல்லியிருக்காவ. பேரு எழுதி வைக்கல்ல. நனஞ்ச கைய வச்சுப் பாத்தா பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தவங்களா இருக்கலாம். அதுக்குமேல எனக்குத் தெரியல்ல.”

அவன் உட்கார்ந்தான்.

புறத்தேர்வாளர் எழுந்து முடிவை வாசித்தார். நாலாம் இயலின் முடிவில் வாசற்பிளக்ஸைப் பற்றி, இங்கே சொன்ன அளவிலேயே, ஒரு பகுதி எழுதிச் சேர்க்க வேண்டும். படத்தையும் இணைக்க வேண்டும். அதைச் செய்தவர் பெயரை அடிக்குறிப்பில் தர வேண்டும். அந்தச் சிறு திருத்தத்தோடு சுபிதாவுக்கு முனைவர் பட்டம் வழங்கப் பரிந்துரைக்கிறேன் என்றார். தன் பணிக்காலத்தில் ஏட்டைக் காப்பாற்றப் பேசியவர்களைத்தான் பார்த்திருப்பதாகவும், ஏட்டைத் தாண்டி யோசித்துக்கொண்டே நின்ற ஒருவரை இன்றுதான் பார்ப்பதாகவும் சொன்னார். கைதட்டல் எழுந்தது. முத்துநாயகம் சித்தப்பா எழுந்து நின்று தட்டினார். முருகதாஸுக்குத் தட்ட வரவில்லை. இவள் என் பெண்டாட்டி என்று இத்தனை காலம் சொல்லிக்கொண்டு திரிந்ததெல்லாம் ஒரு பெருமையா, அவள் யார் என்று தெரியாமலே அல்லவா சொன்னோம் என்று நினைத்தான். அந்த நினைப்பு வலித்தது. வலிக்க வலிக்க அவள்மேல் மதிப்பும் ஏறியது.

எல்லோரும் தேநீருக்குப் போன பிறகு அவன் சாலைக்கு வந்து மறுபடி கம்பில் ஏறினான். முதல் கயிற்றை அவிழ்க்கும்போது சுபிதா வாசலைத் தாண்டி வந்தாள். கையில் ஒரு ரசவடை, பாதி கடித்தது.

“எறக்காண்டாம். அது இப்பம் எனக்க ஆய்வுத் தரவு,” என்றாள்.

அவன் இறங்கி நின்றான். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தான். அவள் மீதி வடையை அவன் கையில் கொடுத்தாள்.

“ஏட்டுல சேக்க ரெண்டு படம் வேணும்,” என்றாள். “இந்தப் பிளக்ஸ் ஒண்ணு. பொறவு நீங்க கை வைக்காத எனக்க போட்டோ ஒண்ணு. சாயங்காலம் தருவியளா?”

அன்று சாயங்காலம் கோட்டாற்றுக் கடையில், ஒரு கட்சிக்கூட்டத்துப் பிளக்ஸ் இயந்திரத்திலிருந்து சரசரவென்று இறங்கிக்கொண்டிருக்க, முருகதாஸ் அந்தக் கோப்பைத் திறந்தான். சுபிதாவின் படம் முட்டம் கலங்கரை விளக்கத்துக்குப் போனபோது அவனே எடுத்தது. அதன்மேல் வெளுப்பு ஒரு அடுக்கு, மினுமினுப்பு ஒரு அடுக்கு, கண்ணுக்குக் கீழே தடவியது ஒரு அடுக்கு என்று போட்டிருந்தான். மேலிருந்து ஒவ்வொன்றாகக் குறைத்தான். நெற்றி கறுத்தது. பிறகு கன்னம். தாடையோரம் அம்மைத்தழும்பு ஒன்று வந்தது, அங்கே ஒன்று இருப்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. கடைசி அடுக்கையும் எடுத்ததும், வருடக்கணக்காகப் படித்துப் படித்துக் கண்ணுக்கடியில் விழுந்த கருவளையம் இரண்டும் தெரிந்தன.

மைக்கறை படிந்த கையைத் துடைத்துக்கொண்டே ஜாஸ்பர் வந்து பின்னால் நின்றான்.

“செரிதான். கண்ணுக்கடியில உள்ளத மட்டும் எடுத்திருடே. அசந்துபோய்க் கிடக்கமாதிரி இருக்கு.”

முருகதாஸ் சுட்டெலியை விட்டுக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். திரையில் சுபிதா, முட்டத்து வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, காற்றில் பறந்த முடியை ஒரு கையால் ஒதுக்கியபடி, கேமராவைப் பிடித்திருந்தவனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.